கம்ப்யூட்டருக்கு வைத்த இரண்டு பொட்டு

இது நடந்தது 2008ஆம் வருஷம், பதுளை டவுனில். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் மாடிப்படி ஏறினால் ஓர் இன்டர்நெட் கடை இருந்தது. ஐந்து கம்ப்யூட்டர், நடுவில் பலகைத் தடுப்பு, மூலையில் ஒரு போட்டோ கொப்பி மெஷின். அங்கேதான் நான் வேலை செய்தேன். வேலை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கூட்டுவேன், டீ வாங்கி வருவேன், வருகிறவர்களுக்கு கெமராவும் ஹெட்போனும் மாட்டிவிடுவேன். மிச்ச நேரம் முழுக்க யாரையாவது கலாய்ப்பேன்.

அதற்கு முன்னால் ஏழு வருஷத்தில் எட்டு இடம் மாறியிருந்தேன். சாப்பாட்டுக் கடை, கெசட் கடை, பசறை லைனில் பஸ் கண்டக்டர். எங்கேயும் நிலைக்கவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை ஆடும். "இவனுக்குப் பின்னால பெட்டரி போட்டிருக்கு" என்பார் எங்கள் முதலாளி. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

சனிக்கிழமை காலையில் எங்கள் கடைக்கு ஒரு சிஸ்டர் வருவார். கன்னியாஸ்திரி. கூடவே யாராவது ஒருவரை அழைத்து வருவார். யுத்தத்தில் எல்லாம் இழந்து மொனராகலைப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள், பஸ் புரண்டதில் தப்பியவர்கள், இப்படி. கடைசி கம்ப்யூட்டரில் உட்கார வைப்பார். திரையில் கனடாவிலிருந்து ஒரு டொக்டர் அம்மா வருவார், யாழ்ப்பாணத்துக்காரர். மனசுக்குள் தங்கிப்போன பழைய பயத்தை ஆற வைக்கும் வைத்தியமாம். வந்தவர் அந்தப் பயத்தை மனசில் வைத்துக்கொண்டு, திரையில் இடமும் வலமுமாக ஓடுகிற ஒரு புள்ளியைக் கண்ணாலேயே பின்தொடர வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து டொக்டர் நிறுத்தி, "இப்ப என்ன வருகுது?" என்று கேட்பார். திரும்பவும் புள்ளி. மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை.

இதைப் பார்த்துவிட்டு நான் சும்மா இருப்பேனா? கீழே டீக்கடையில் போய், கண்ணை அப்படியும் இப்படியும் உருட்டி, யாழ்ப்பாணத்துக் குரலில் "இப்ப என்ன வருகுது?" என்று கேட்பேன். ஒருத்தன், "பசறை பஸ் வருது" என்பான். கடையே சிரிக்கும். கண்ணை ஆட்டினால் கவலை போகும் என்றால் டென்னிஸ் மேட்ச் பார்க்கிறவனுக்குக் கவலையே இருக்கக் கூடாதே என்றும் ஒரு வசனம் வைத்திருந்தேன். அதற்கு எப்போதும் நல்ல கைதட்டல்.

ஒரு சனிக்கிழமை மழை. சிஸ்டர் வரத் தாமதமானது. டொக்டர் அம்மா மட்டும் திரையில் காத்திருந்தார்.

"தம்பி, போன கிழமை புள்ளி தடக்கித் தடக்கி ஓடினது. நீர் ஒருக்கா அந்தக் கதிரையில இருந்து பாத்துச் சொல்லுறீரே?"

நான் உட்கார்ந்தேன். "எனக்கு ஒரே ஒரு கவலதான் டொக்டர். கல்யாணம் ஆகல. கண்ண ஆட்டுனா பொண்ணு கெடைக்குமா?"

"அதுக்கு நீர் கண்ணை ஆட்டாமல் இருக்கவேணும்" என்றார் அவர். எனக்கே திருப்பி அடித்துவிட்டார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

புள்ளி ஓட ஆரம்பித்தது. அதே நேரம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற காற்றாடியில் ஏதோ சிக்கி, மெல்ல ஒரு சத்தம் கிளம்பியது. ங்ங்ங் என்று. சத்தம் ஏறிக்கொண்டே போனது. அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. நினைவு வந்தபோது கதிரை கவிழ்ந்து கிடந்தது. நான் போட்டோ கொப்பி மெஷினுக்குப் பின்னால் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு கிடந்தேன். பக்கத்துத் தடுப்பில் இருந்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் எழும்பி, நடித்த மாதிரி ஒரு கும்பிடு போட்டேன்.

டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கெமராவில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். "தம்பி, அது உமக்கு என்ன சத்தம்?" என்று கேட்டார்.

ஏழு வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "குளவி" என்றேன்.

நான் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். பதினெட்டு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்தேன். கொழுந்து மூட்டை தூக்குகிற வேலை. என் அக்கா அதே மலையில் கொழுந்து எடுத்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். காலையில் பெரட்டுக்கு ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும்போதெல்லாம் கங்காணி ஒரு பாடம் சொல்வார். குளவி கலைந்தால் யாரும் ஓடக் கூடாது. இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையோடு மூடிக்கொண்டு, தேயிலைச் செடிக்கு அடியில் குப்புறப் படுக்க வேண்டும். ஓடுகிறவன் குளவியையும் கூட்டிக்கொண்டு ஓடுகிறான், யாரிடம் போகிறானோ அவரையும் சாகடிப்பான். இதுதான் பாடம்.

ஒரு நாள் நல்ல வெயிலில் குளவி கலைந்தது. நான் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். நேராக அக்காவிடம் ஓடினேன். அவள் என்னை இழுத்துச் செடிக்கு அடியில் தள்ளி, தன் படங்கை என் மேல் போட்டு, அதற்கு மேல் அவள் படுத்தாள். எனக்குப் பதினொரு கொட்டு. அக்காவை லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். "நான் குப்புறப் படுத்துக்கிட்டேன், அதனால தப்பிச்சேன்" என்று. அக்காவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்த மதினியும் அதையே சொன்னார். மதினி என்றால் என் பெரியம்மா மகனின் மனைவி. அத்தனை பேரும் படுத்திருக்கிறார்கள், ஓடியவன் நான் ஒருத்தன்தான். அடுத்த வாரம் பெரட்டில் கங்காணி, "ஓடுனா என்னா ஆகும்னு பாத்தீங்கதானே" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் மற்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதற்கு மூன்றாம் நாள் நான் பஸ் ஏறிவிட்டேன். அம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வருகிற நாளில் பார்ப்பதோடு சரி. தோட்டத்துக்குத் திரும்பப் போகவே இல்லை.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து டொக்டர் எனக்கும் அரை மணி நேரம் ஒதுக்கினார். முதல் இரண்டு வாரம் குளவியைத் தொடவே இல்லை. மனசு அமைதியாக இருக்கிற ஓர் இடத்தை நினைக்கச் சொன்னார். "கொத்து ரொட்டிக் கடை" என்றேன். அவர் அதை எழுதவில்லை. கடைசியில் உண்மையைச் சொன்னேன். பசறை பஸ்ஸின் மிதிபலகை. அங்கே பஸ் ஆடுகிறது, அதனால் நான் ஆடத் தேவையில்லை. அவர் அதை எழுதிக்கொண்டார். இன்டர்நெட் லைன் அறுந்தால், கரண்ட் போனால், அந்த மிதிபலகையை நினைத்து, இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காக வைத்து, இடம் வலமாகத் தோளைத் தட்ட வேண்டும் என்று பழக்கினார்.

எங்கள் லைனில் புள்ளி ஒழுங்காக ஓடவில்லை. நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கீழே கடையில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஓர் அட்டை வாங்கி, திரையின் இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று ஒட்டினேன். டொக்டர் மேசையில் தட்டித் தாளம் கொடுப்பார். நான் ஒரு பொட்டிலிருந்து மற்றப் பொட்டுக்குக் கண்ணைக் கொண்டுபோவேன். "கம்ப்யூட்டருக்கு எப்படா கல்யாணம்?" என்று முதலாளி கேட்டார். என் வாயிலிருந்து வரவேண்டிய பகிடி அது.

மூன்றாவது வாரம் குளவியைத் தொட்டோம். அந்த நாளை நினைத்தால் உம்மைப் பற்றி உமக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார். "நான்தான் அவள கொன்னேன்" என்றேன். பத்துக்கு எத்தனை பாரம் என்று கேட்டார். "பதினஞ்சு" என்றேன். அதைச் சொல்லும்போது நான் விளையாடவில்லை.

பொட்டு, பொட்டு, பொட்டு. மலை வந்தது. மூட்டை வந்தது. சாரத்தைச் சுருட்டுவதற்குக்கூட நேரமில்லாமல் ஓடின என் கால் வந்தது. அக்காவின் முதுகு வந்தது. நான் அவளிடம் போய்ச் சேர இன்னும் பத்துப் பதினைந்து செடி இருக்கிறது. அவள் இரண்டு கையாலும் தன் முகத்தை அடித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த இடத்தில் கரண்ட் போனது.

திரை கறுத்தது, டொக்டர் இல்லை, நான் மட்டும் அந்த மலையில் நிற்கிறேன். உடம்பு முழுக்க, ஓடு, ஓடு என்றது. படி வரைக்கும் போய்விட்டேன். அங்கேயே உட்கார்ந்து, மிதிபலகையை நினைத்து, தோளைத் தட்டினேன். எவ்வளவு நேரம் தட்டினேனோ. முதலாளி மெழுகுவர்த்தியோடு வந்து பார்த்துவிட்டுத் தன் ஜேர்சியைக் கழற்றி என் மேல் போட்டார். எனக்குக் குளிர் என்று நினைத்திருக்கிறார்.

அந்த வாரம் நான் தூங்கியது குறைவு. நான் போவதற்கு முன்னாலேயே அவள் ஏன் முகத்தை அடித்துக்கொண்டாள்? அப்படியென்றால் குளவி ஏற்கெனவே அவள் மேல் இருந்திருக்கிறது. நான் கூட்டிப் போகவில்லை. ஆனால் மனசு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இப்படி ஒரு படத்தைத் தானே கீறிக்கொண்டதோ? அடுத்த சனிக்கிழமை டொக்டரிடம் நேராகவே கேட்டேன், அது நிஜமா என்று.

"அதை நான் சொல்ல ஏலாது தம்பி" என்றார். "ஞாபகம் எண்டது போட்டோ இல்லை. உம்மட மனம் ஆறுறதுக்கு நான் உதவி செய்வன். அண்டைக்கு அங்க என்ன நடந்தது எண்டு அங்க நிண்ட ஆக்களுக்குத்தான் தெரியும்."

அங்கே நின்றவர், அதுவும் பக்கத்து நிரையில் நின்றவர், ஒருவர்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பசறை பஸ்ஸில் ஏறினேன். சீட் காலியாக இருந்தும் மிதிபலகையிலேயே தொங்கிக்கொண்டு போனேன். இரண்டு தரம் இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு தரம் இறங்கியும் விட்டேன். கண்டக்டர் என் பழைய கூட்டாளி. "ஏறுறியா, நடந்து வர்றியா?" என்று கத்தினான். ஏறினேன்.

லயத்து வீடுகளுக்குக் கீழே, தண்ணீர் கொட்டும் பீலியில் மதினி துணி அலசிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

"யாரு இது, பதுள தொரையா?" என்றார். முன்பெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் சந்தித்தால் கலாய்த்துக்கொண்டே இருப்போம். அன்றைக்குக் கலாய்க்க நான் வரவில்லை. நான் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றேன்.

"மதினி, ஒன்னு கேக்கணும். அன்னிக்கு நான் அக்காகிட்ட போறதுக்கு முன்னமே அவ மேல குளவி இருந்துச்சா? இல்ல, நான்தான் கொண்டு போனேனா?"

அவர் கையில் இருந்த பாவாடையைப் பிழிந்தார். அதில் தண்ணீர் இல்லை. திரும்பவும் பிழிந்தார்.

"கூடு அவ நெரையிலதான் இருந்துச்சு. மொதல்ல மாட்டுனவளே அவதான். என் பேரச் சொல்லி ரெண்டு தடவ கூப்புட்டா. நான் படங்க வீசிட்டு ரோட்டுப் பக்கம் ஓடிட்டேன்."

"நீங்க படுத்துக்கிட்டேன்னு சொன்னீங்களே."

"எல்லாரும்தான் சொன்னோம். யாருடா படுத்தா? கங்காணி எங்களுக்கு முன்ன ஓடுனாரு. எல்லாரும் கீழ ஓடுனோம். நீ மட்டும்தான் மேல, அவ இருந்த பக்கம் ஓடுன." அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "ஒன்ன எல்லாரும் அப்படிப் பாத்தப்பகூட நான் வாய தொறக்கல. ஏழு வருசமா இந்தப் பீலிக்கு வந்தா அவ கூப்புடுற சத்தம்தான்டா எனக்குக் கேக்குது."

கோபம் வரும் என்று நினைத்தேன். கொஞ்சம் வரவும் செய்தது. ஆனால் மதினியின் கால் ஆடிக்கொண்டிருந்தது. என் காலைப் போலவே, ஈரக் கல்லின் மேல், நிற்காமல். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காக வைத்துத் தோளைத் தட்டிக் காட்டினேன்.

"இது என்னாடா, கோழி செறகு அடிக்கிற மாதிரி?"

"கனடா வைத்தியம் மதினி. சும்மா தட்டுங்க. கோழிக்கு இருக்குற அறிவுகூட ஒங்களுக்கு இல்லாமயா போயிரும்?"

அவர் சிரித்தார். அழுதுகொண்டேதான் சிரித்தார். பீலித் தண்ணீர் பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்க, இரண்டு பேரும் நின்று தோளைத் தட்டினோம். பிறகு அவரே என்னை அக்காவைப் புதைத்த குழிக்குக் கூட்டிப் போனார். தேயிலைக்கு நடுவில் ஏறும்போது என் கண் ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டுதான் போனது. ஆனால் போய்ச் சேர்ந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மதினி எங்கள் கடைப் படியில் ஏறி வந்தார். கடைசி கம்ப்யூட்டரில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். வலது பக்கப் பொட்டு பாதி உரிந்திருந்தது. அவர் தன் நெற்றிப் பொட்டை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினார். நான் தடுப்புக்கு வெளியே வந்து, உள்ளே யாரும் எட்டிப் பார்க்காதபடி காவலுக்கு நின்றேன். டீக்கடையில் அதற்குப் பிறகு நான் கண்ணை உருட்டிக் காட்டவில்லை.

இன்றைக்கும் என்னால் ஓர் இடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது, குளவிச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அன்று எல்லாரும் ஓடிய மலையில் நான் எந்தப் பக்கம் ஓடினேன் என்று இப்போது எனக்குத் தெரியும்.