வெற்றுக் குழாயில் வந்த மாடு

1. பிடித்த விடை

பழைய எலும்புகளிலிருந்து டிஎன்ஏ எடுப்பது எங்கள் திருவனந்தபுரம் ஆய்வகத்தின் வேலை. அந்த மழைக்காலத்தில் ஐரோப்பியக் காட்டெருதான பைசனின் எலும்புத்தூள் ஒரு வெளிநாட்டுக் குழுவிடமிருந்து வந்தது. குகையில் கிடைத்த மிகப் பழைய எலும்பு. பைசனின் தாய்வழி டிஎன்ஏ மட்டும் ஏன் மாட்டின் பக்கம் சாய்கிறது, ஆதியில் இரண்டும் கலந்தனவா என்பதுதான் கேள்வி. தூள் கொஞ்சம்தான். தீர்ந்தால் வேறு கிடையாது.

டிஎன்ஏவின் எழுத்து வரிசையான சீக்வென்ஸ் முதல் தடவை வந்ததும் எங்கள் தலைவர் பகவதி சார் துள்ளினார். நாஞ்சில் நாட்டுக்காரர், திருவனந்தபுரம் ஆரியசாலையில் வளர்ந்தவர்.

"கோமதி, பாத்தீங்களா? மாடுதான்! நாம நெனச்சதேதான். திங்கக்கிழம மீட்டிங்ல காட்டிரலாம்."

மாட்டுக்கு நெருக்கமாக வந்திருந்தால் சரி. இது எழுத்துக்கு எழுத்து இன்றைய பால்மாடாகவே இருந்தது.

"சார், ஒரு தடவ ரிப்பீட் பண்ணிடறேன்."

"பண்ணுங்க. பயந்துட்டீங்களா? பேடிக்க ஒண்ணும் இல்ல."

2. பிளாங்க்

டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் ஒவ்வொன்றிலும் எலும்பு சேர்க்காத ஒரு குழாய் வைப்போம். பிளாங்க் என்போம். அதில் எதுவும் வரக்கூடாது. டிஎன்ஏ இருந்தால் ஜெல்லில் பேண்ட், அதாவது ஒரு கோடு, தெரியும். மறுநாள் ஜெல்லைப் பார்த்த புராஜெக்ட் அசிஸ்டென்ட் அஞ்சு கத்தினாள்:

"சேச்சி, இங்கோட்டு வா! பிளாங்கில் பேண்ட் உண்டு!"

வெற்றுக் குழாயில் மாடு. அதன்பின் எல்லோர் மேலும் சந்தேகம். என் தோல் கைப்பையை வெளியே வைக்கச் சொன்னார்கள். அஞ்சுவின் டிபனில் இருந்த மோரை விசாரித்தோம். சார் பால் சாயாவையே தடை செய்தார்.

"நாளைலேருந்து எல்லாருக்கும் கட்டன்தான். கேட்டீங்களா?"

பாலில்லாத கட்டன் டீ குடித்தும் பேண்ட் போகவில்லை. சனிக்கிழமை இரவு வலியசாலையில் இருக்கும் என் வீட்டுக்குப் போன பிறகும் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

"ஒரு எடத்துல ஒக்காரேன். நேக்கே தலை சுத்தறது" என்றார் என் கணவர்.

"நாளைன்னிக்கு மீட்டிங். தப்பான மாட்டைக் கொண்டுபோய்க் காட்டப் போறார்."

"சார்கிட்ட சொல்லிட்டியோன்னோ?"

"சொன்னேன். பேண்ட் மங்கலா இருக்கு, விடுங்கோங்கறார்."

ஞாயிற்றுக்கிழமை காலையே ஆய்வகத்துக்குப் போனேன். அஞ்சுவும் வந்தாள். இல்லாமல் முடியாத வேதிப்பொருள்களைப் புதிதாக மாற்றியும், மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்காமலும் வெறும் பிளாங்க்குகளை மட்டும் ஓட்டினோம். ஒரே ஒரு குழாயில் பேண்ட் இல்லை. பிஎஸ்ஏ சேர்க்காத குழாய் அது. எலும்பிலுள்ள மண் அழுக்கு பிசிஆரைக் கெடுக்காமலிருக்க நாங்கள் சேர்க்கும் புரதம் பிஎஸ்ஏ. அது மாட்டு ரத்தத்திலிருந்து எடுப்பது; மாட்டு டிஎன்ஏவும் துளி ஒட்டிக்கொண்டு வரும். வேறு எலும்புகளில் அது ஒரு பொருட்டே இல்லை. பைசனில் அதுவே ஆளைக் கவிழ்த்துவிடும்.

சாரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்ப பைசன் ஒண்ணுமே இல்லையா?"

"தெரியல சார். மாட்டு டிஎன்ஏ மேல வந்து மூடிருக்கு. அடியில என்ன இருக்குன்னு மறுபடி எடுத்தாத்தான் தெரியும்."

"மிச்சம் இருக்கறது ஒரு தடவைக்குத்தான் வரும். போச்சுன்னா போச்சு."

"ஆமா சார்."

திங்கட்கிழமை மீட்டிங்கில் சார் அந்த ஸ்லைடைப் போடவில்லை. திரையில் இருந்த வெளிநாட்டுக்காரர்களிடம் எங்கள் ரிசல்ட் தப்பு என்று அவரே சொன்னார். சொல்லும்போது கையிலிருந்த பேனாவைத் திருகிக்கொண்டே இருந்தார். மிச்சத் தூளைப் பயன்படுத்த அனுமதியும் அவரே கேட்டார். கொடுத்தார்கள்.

3. மிச்சத் தூள்

பிஎஸ்ஏவுக்குப் பதிலாக, மாட்டுத் தொடர்பே இல்லாமல் ஈஸ்டில் தயாரித்த அல்புமின் புரதத்தை வரவழைத்தோம். கிளீன் ரூமில் உடலை மூடும் சூட்டுக்குள் வியர்வை ஒழுக, கடைசித் தூளை நான்தான் கரைத்தேன். மெஷின் ஓடும்போது சார் மூன்று தடவை வந்து கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

பிளாங்க் சுத்தம். எலும்பில் மெல்லிய பேண்ட்.

சீக்வென்ஸ் மாட்டுக்கு நெருங்கியது. ஆனால் இன்றைய எந்த மாட்டினுடையதும் இல்லை. நுனிகளில் பழைய டிஎன்ஏவுக்கே உரிய சிதைவும் இருந்தது. அஞ்சு என்னைக் கட்டிப்பிடித்தாள். சார் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, "நம்ம ஊகம் சரிதான் இல்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சரிதான் சார். ஆனா முதல்ல வந்தது அதுக்குச் சாட்சி இல்ல."

தலையாட்டினார்.

கட்டுரை தாமதமாகத்தான் போனது. அதற்குள் வேறொரு குழு இதே முடிவை வெளியிட்டுவிட்டது. எங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது இடம். வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எதிர்பாராத விடை வந்தால் யாரும் சொல்லாமலே சந்தேகப்படுவீர்கள். ஆசைப்பட்ட விடை வரும் நாளில்தான் உங்களுக்கு உட்கார முடியாமல் போக வேண்டும்.