கொதித்த தண்ணீர் குடிக்கிறவன்

சத்தமாகச் சொன்னால் சனம் கேட்கும் என்று நம்பினேன். நெடுந்தீவில் தண்ணீரால் நெருப்புக்காய்ச்சல் பரவிய சோளகக் காற்றுக் காலம் அது. புதிதாக வந்த சுகாதாரப் பரிசோதகனான நான் தகரக் குழாயை வாயில் பிடித்துக்கொண்டு, "தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ" என்று தெருவும் ஒழுங்கையுமாகக் கத்தினேன். முன்மாதிரியாக இருக்கவேண்டுமே என்று, கொதித்து ஆறிய தண்ணீரைப் போத்தலில் கொண்டு திரிந்தேன். கிருமிக்குக் காது இருந்திருந்தால் தீவை விட்டே ஓடியிருக்கும்.

பக்கத்து வளவுக்காரர் கடற்றொழிலாளி. போத்தலைக் கண்டால் மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்பார்: "என்ன ஐயா, பிறந்தது ஆம்பிளைப்பிள்ளையோ, பொம்பிளைப்பிள்ளையோ?"

அவர் மனைவி சிரிக்கமாட்டார். அவர்களின் மறுபக்கத்து வீட்டில் காய்ச்சல்; அந்த இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. "தம்பி, நீங்கள் ஒருக்கால் இவருக்குச் சொல்லுங்கோ. நான் சொன்னால் கேக்கிறாரில்லை."

சொன்னேன். கிருமியின் படத்தையும் காட்டினேன்.

"கொதிச்ச தண்ணி வருத்தக்காரருக்கும் பிள்ளை பெத்தவைக்கும் ஐயா. அதைக் கொண்டுபோனால் என்னை வள்ளத்தில ஏத்துவாங்களோ?"

அடுத்த நாள் எனக்குத் தலையிடித்தது. முடிந்தது கதை என்று படுத்துவிட்டேன். நாடி பார்த்தேன், பயத்தில் நாடி எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று. அவர் தொழிலுக்குப் போகாமல் பக்கத்தில் வந்திருந்து நெற்றியைத் தொட்டார்.

"காய்ச்சலுமில்லை, கீய்ச்சலுமில்லை. தொப்பி இல்லாமல் வெயிலுக்கை கத்தித் திரிஞ்சால் மண்டை இடிக்காமல் பாடுமோ?"

மனைவி எங்கள் இருவருக்கும் பாலில்லாமல் தேயிலை போட்ட வெறுந்தேத்தண்ணீர் கொண்டுவந்தார். கொதித்த தண்ணீரை வேண்டாமென்ற மனிதர் அதை ஒரே மூச்சில் குடித்து, இன்னும் கேட்டார். நான் எழுந்து உட்கார்ந்தேன். தலையிடியும் போய்விட்டது.

மறுநாள் குழாயில் வேறு கதை சொன்னேன்: "கடலுக்குப் போறவைக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்து விடுங்கோ! வீட்டிலயும் அதையே குடியுங்கோ!" குசினிதோறும் அடுப்பில் கேத்தில் ஏறியது. யாருக்கும் நோயாளி, வருத்தக்காரன் என்ற பெயர் வரவில்லை. பக்கத்து வளவுக்காரரும் தேத்தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கடலுக்குப் போனார்: "இது மருந்தில்லை ஐயா, தெரியுமோ!"

அந்தக் கிழமை முடிய முன்பே அவர் காய்ச்சலில் விழுந்தார். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார் டாக்குத்தர். சோளகம் அடித்தது; கடல் கடக்கும் லோஞ்சுப் படகு ஓடவில்லை.

"தேத்தண்ணிதானே தம்பி குடிச்சவர்?" என்றார் மனைவி.

அவர் தேத்தண்ணீர் குடிக்கத் தொடங்க முன்பே கிருமி உடம்புக்குள் போயிருக்கும்; காய்ச்சல் பிறகுதான் வெளியே தெரியும். படம் வைத்து விளக்கத் தெரிந்த நான், அதைச் சொல்லாமல் லோஞ்சு வருகிறதா என்று பார்க்கக் கரைக்குப் போனேன்.

காற்று அடங்கி லோஞ்சு வந்தபோது, அவரை அடக்கம் செய்து முடிந்திருந்தது.