கீழே வைத்த துப்பாக்கி

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வந்த அவசரகாலம் உச்சத்தில் இருந்த வருஷம் அது. பெடாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பட்டறையில் நான் வெல்டராக இருந்தேன். அந்த நாட்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது பயம் இல்லை, அசதிதான். பகலெல்லாம் பட்டறை, இரவில் முறைபோட்டு முள்வேலிக் காவல், வயிற்றுக்கு அளந்து கொடுக்கிற சோறு. சாமியிடம்கூட நான் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. ஒரு நாள் முழுக்கத் தூங்கவிட்டால் போதும் என்றுதான் கேட்பேன்.

தோட்ட மேனேஜர் துரையின் கார் ஜன்னல்களுக்கு ஏற்கெனவே இரும்புத் தகடு அடித்திருந்தோம். காட்டுக்காரர்கள், அதாவது காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள், சுட்டு, கார் பள்ளத்தில் உருண்டால் கூரை நசுங்குமே என்று அவருக்குப் புதுக் கவலை. உள்ளே பைப்பால் ஒரு கூண்டு போடச் சொன்னார். பைப்பை நேராகக் கார்த் தரையில் ஒட்டிவிட முடியாது. அந்தத் தகரம் பிஸ்கட் டின் கனம்தான். பாரம் விழுந்தால் பைப் அதைக் குத்திக்கொண்டு கீழே போய்விடும். அதனால் முதலில் கனமான பிளேட்டுகளைத் தரையில் வெல்டிங் செய்து, கூண்டின் கால்களை அவற்றின் மேல் நிறுத்த வேண்டும்.

எல்லாம் முறையாகத்தான் செய்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றினேன். பெட்ரோல் டாங்கை இறக்கி, தூரமாகக் கொண்டுபோய் வைத்தேன். சீட்டு, விரிப்பு எல்லாம் வெளியே வந்தன. ஆனாலும் முகமூடி மாட்டிய வெல்டருக்குக் கைக்கு முன்னால் இருக்கிற நெருப்புதான் தெரியும், முதுகுக்குப் பின்னால் எரிவது தெரியாது. அதற்கு ஒரு ஆள் ஈரச் சாக்கோடு நின்றே ஆக வேண்டும். கார் டிரைவர்தான் நின்றுகொண்டிருந்தார். மற்ற கால்களையெல்லாம் நிறுத்தி முடித்து, கடைசி பிளேட்டின்போது வாளியில் தண்ணீர் தீர்ந்து, குழாயடிக்குப் போனார்.

பட்டறை வாசலில் காவலுக்கு ஒரு மலாய்க்கார மாத்தா இருந்தார். போலீஸ்காரரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். என் வயதுதான் இருக்கும், புதிதாக வந்தவர், பெயர் தெரியாது. "அபாங், டிரைவர் வர்ற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்குங்கலா" என்று அண்ணன் முறை வைத்து, அரைகுறை மலாயில் கேட்டேன்.

அவர் சிரித்தார். "பாக்குறேன் அண்ணே. ஆனா சாக்கைக் கையில புடிக்க மாட்டேன். இந்தத் துப்பாக்கியைக் கீழ வெச்சா எனக்கு ஜெயில்."

உண்மைதான். துப்பாக்கியைக் கைவிட்டால் எதிரிக்குக் கொடுத்த மாதிரி என்பது அந்த நாளைய சட்டம். சாக்கை அவர் காலடியில் போட்டுவிட்டு உள்ளே போய்க் குப்புறப் படுத்தேன்.

எங்கள் தோட்டத்தில் எது ஓட்டையானாலும் ஒரே மருந்து, ரப்பர் பாலைத் தடவி ரப்பர் ஷீட்டை ஒட்டுவது. கூரை, வாளி, செருப்பு, எதையும் விட்டுவைக்க மாட்டோம். செம்மண் புழுதி உள்ளே வருகிறதென்று டிரைவர் எப்போதோ காரின் அடியிலும் அதையே செய்திருக்கிறார். அதன்மேல் சேறு அப்பி இறுகிவிட்டது. ஒட்டியவருக்கே அது மறந்துபோயிருந்தது. குனிந்து பார்த்த எனக்கும் சேறாகத்தான் தெரிந்தது.

வெல்டிங் சூட்டில் அடியிலிருந்த அந்த ரப்பர் பற்றிக்கொண்டது. கெண்டைக்காலில் சூடு தெரிந்தது. வெல்டிங்கில் சூடு சகஜம்தானே என்று விட்டுவிட்டேன். திரும்பிப் பார்க்கத் தெம்பில்லை. பிறகு தொண்டை அடைத்தது. முகமூடியைக் கழற்றி எறிந்தால் சுற்றிலும் கரும்புகை. ஜன்னலெல்லாம் இரும்பு. பின்னால் நகர்ந்தால் இடுப்பு பெல்ட் கூண்டுப் பைப்பில் மாட்டிக்கொண்டது. செத்தோம் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் 'சரி, இனித் தூங்கலாம்' என்றுதான் மனசில் ஓடியது.

"ஆப்பி! ஆப்பி!" என்று ஒரு கத்தல். தீ, தீ என்று அர்த்தம். யாரோ என்மேல் ஊர்ந்து வந்து பெல்ட்டை அறுத்தார். காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். கண் திறந்தபோது அந்த மாத்தாவின் மடியில் கிடந்தேன். எரிந்த ரப்பர் ஒட்டி அவர் முழங்கை வரை வெந்திருந்தது. ஓடிவந்த டிரைவர் மண்ணை வாரிக் கொட்டித் தீயை அணைத்துக்கொண்டிருந்தார்.

புகையைப் பார்த்து ரப்பர் ஸ்டோரில் மணி அடித்துவிட்டார்கள். காட்டுக்காரர்கள் புகுந்துவிட்டார்கள் என்று நினைத்துப் போலீஸ் சார்ஜன் லாரியில் ஆட்களோடு வந்து குதித்தார். முதலில் அவர் கண்ணில் பட்டது தரையில் கிடந்த துப்பாக்கிதான்.

"இவர் இல்லாட்டி நான் செத்திருப்பேன் துவான், ஐயா" என்று கும்பிட்டேன்.

"இதை அவனுங்க எடுத்திருந்தா நாளைக்கு எத்தனை பேர் செத்திருப்பாங்க?" என்றார் சார்ஜன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை.

மாத்தாவை லாரியில் ஏற்றினார்கள். ஏறும்போது திரும்பி, "கால் எப்படி அண்ணே?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

துரையிடம் நொண்டிக்கொண்டே போய்ச் சொன்னேன். பேசுகிறேன் என்றார், பேசினாரா தெரியாது. அந்த மாத்தா ஜெயிலில் இருந்துவிட்டு, வேலையும் போய், கம்பத்துக்கே, அதாவது சொந்தக் கிராமத்துக்கே, திரும்பிவிட்டார் என்று அடுத்து வந்த மாத்தா சொன்னார். எந்தக் கம்பம் என்று அவருக்கும் தெரியவில்லை. பெடாஸ் பசார்க் கடைகளில் விசாரித்தேன். சிரம்பான் போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் முகம் முகமாகப் பார்ப்பேன். கிடைக்கவில்லை.

குழாயடியிலிருந்து பார்த்ததை டிரைவர் பிறகொரு நாள் சொன்னார். மாத்தா முதலில் தோளில் துப்பாக்கியோடுதான் காருக்குள் நுழைந்தாராம். அது பைப்பில் சிக்கியதும் வெளியே வந்தாராம். துப்பாக்கியைப் பார்த்தார், வேலிக்கு அப்பால் மரங்களைப் பார்த்தார். அப்புறம் அதை மெல்லக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாராம்.

பதற்றத்தில் அவர் துப்பாக்கியை எறிந்துவிட்டு வந்திருந்தால் என் அதிர்ஷ்டம் என்று சொல்லி ஆறுதல் அடைந்திருப்பேன். ஜெயில் என்று தெரிந்தே, யோசித்தே, என் பெயர்கூடத் தெரியாத ஒருவர் அதைக் கீழே வைத்தார் என்பதை இந்த வயதிலும் என்னால் சாதாரணமாக நினைக்க முடியவில்லை.