காத்திருந்த ஒரு பொழுதைப் பற்றிப் பேசவும்

என் கணவரும் ஆங்கிலத் தேர்வு எழுதவேண்டும் என்று விசா ஏஜென்ட் சொன்னபோது நாங்கள் இரண்டு பேருமே ஆடிப்போய்விட்டோம். ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தது ஏஜென்ட்டின் அலுவலகம். அதற்கு முந்தைய மாதம்தான் நான் இரண்டாவது முயற்சியில் தேவையான மதிப்பெண்ணை எடுத்திருந்தேன். எல்லாம் முடிந்தது, இனி பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டியதுதான் பாக்கி என்ற நினைப்பில் போயிருந்தோம்.

நான் குவான்டிட்டி சர்வேயர். ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு கம்பி, எவ்வளவு சிமென்ட், எவ்வளவு செலவு என்று கணக்கிட்டுக் கொடுப்பது என் வேலை. ஆஸ்திரேலியாவில் அந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. திறன் அடிப்படையில் குடியேறுவதற்கு விண்ணப்பிக்கிறவள் நான். அவர் என்னோடு வருகிறவர். வருகிறவருக்கு எதற்குத் தேர்வு?

"மெயின் அப்ளிகண்ட் நீங்கதான். ஆனா உங்க ஹஸ்பண்டுக்கும் ஓரளவு இங்லீஷ் தெரியும்னு காட்டணும். இல்லாட்டி தனியா ஒரு கட்டணம் வரும். அது கொஞ்சநஞ்சமில்ல," என்றார் ஏஜென்ட். பிறகு என் கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பெரிய மார்க்கெல்லாம் வேணாம்லா. பேசத் தெரியும், எழுதத் தெரியும்னு தெரிஞ்சா போதும்," என்றார்.

என் கணவர் தம்போயில் ஒரு லாரிப் பட்டறையில் தலைமை மெக்கானிக். தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளிக்குப் போய், பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தோடு நின்றவர். முதலாளியிடம் மலாய், கூட வேலை செய்கிறவர்களிடம் தமிழ், வாடிக்கையாளர்களிடம் எது வருகிறதோ அது. கியர் பாக்ஸ், கிளட்ச், பிரேக் என்று ஆங்கிலச் சொற்கள் அவர் வாயில் நாள் முழுவதும் புரளும். ஆனால் அவற்றைச் சேர்த்து ஒரு வாக்கியம் ஆக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார்.

காரில் ஏறியதும், "நீ மட்டும் போ. நான் இங்கயே இருந்துக்கறேன்," என்றார்.

"என்னங்க பேச்சு இது?"

"நெசமாத்தான் சொல்றேன். இங்லீஷ்ல எம்பேரு என்னன்னு கேட்டாலே எனக்குத் தொண்ட காஞ்சிடும். தெரியாதா உனக்கு?"

தெரியும். இருந்தாலும் நான் விடவில்லை. வீட்டிலேயே வகுப்பு தொடங்கினேன்.

முதல் சில வாரங்கள் கண்ணீரும் சிரிப்புமாகப் போயின. வீட்டை வாடகைக்கு விட்டவருக்குக் கடிதம் எழுதுங்கள் என்றால், பைப் ஆல்ரெடி ரோசாக் என்று எழுதிக் காட்டுவார். பழுதுக்கு மலாய்ச் சொல்தான் ரோசாக் என்பது எழுதும்போது அவருக்கு உறைக்கவே இல்லை. ஆனால் எழுத்தை எப்படியோ தேற்றிவிடலாம் என்று எனக்குப் பட்டது. பேச்சுத்தான் பயமாக இருந்தது. தேர்வில் ஒரு அட்டையைக் கொடுப்பார்கள். அதில் ஒரு தலைப்பு இருக்கும். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரியிடம் இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேசவேண்டும்.

"உங்கள் வீட்டைப் பற்றிப் பேசவும்" என்ற அட்டைக்கு அவர், "மை ஹவுஸ் இஸ் ஹவுஸ்," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார்.

அதன் பிறகு வழியை மாற்றினேன். லாரிக்கு என்ன கோளாறு என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டால் எப்படி அடுக்கிச் சொல்வீர்கள், அப்படியே சொல்லுங்கள் என்றேன். அது பலித்தது. முதலில் இது, அப்புறம் அது, கடைசியில் இது என்று ஒரு கோர்வை வந்தது. என் முகத்தைப் பார்த்தால் திணறினார். அதனால் எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசச் சொன்னேன். நான் கைப்பேசியில் நேரம் வைப்பேன். மணி அடித்ததும் நிறுத்திவிட வேண்டும். நடுவில் இலக்கணப் பிழை வந்தால் சரியான சொல்லை மட்டும் நான் சொல்லுவேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடர்வார்.

ஒரு சனிக்கிழமை மதியம், அரைநாள் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டுத் தேநீரோடு உட்கார்ந்தார். நான் ஓர் அட்டையை எடுத்து நீட்டினேன். "நீங்கள் காத்திருந்த ஒரு பொழுதைப் பற்றிப் பேசவும். எங்கே, யாருக்காகக் காத்திருந்தீர்கள், கடைசியில் என்ன நடந்தது?"

சிங்கப்பூருக்குப் போகும் பாலத்து நெரிசலைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். ஜொகூர்க்காரர்களுக்குக் காத்திருப்பது என்றால் வேறென்ன? அவர் அட்டையை இரண்டு முறை படித்தார். குறிப்பெடுக்கக் கொடுத்த தாளில் எதுவும் எழுதவில்லை.

"ஐ வெயிட் இன் ஹாஸ்பிடல்," என்று தொடங்கினார்.

"வெயிட்டட்," என்றேன்.

"ஐ வெயிட்டட் இன் ஹாஸ்பிடல். மை வைஃப் இன்சைட். ஆபரேஷன்."

எந்த நாள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. நாங்கள் அந்த நாளைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு ஏழாம் மாதம். பண்டார் தெங்காரா என்ற ஊரில் அம்மா வீட்டில் இருந்தேன். காலையில் ரத்தப்போக்கு தொடங்கியது. எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் அந்த நீண்ட சாலையில் ஆம்புலன்ஸ் திரும்பியது வரைதான் நினைவிருக்கிறது. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் நான் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை, பிறக்கும்போதே உயிரில்லை, ஆக வேண்டியதை மருத்துவமனையே பார்த்துக்கொண்டது என்று சொன்னார்கள். நான் நம்பினேன். ஒன்பது ஆண்டுகளாக அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவரை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் தங்குதடையில்லாமல் பேசிக்கொண்டிருந்தார். அதுவரை அப்படி அவர் பேசிக் கேட்டதில்லை. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, எனக்குள் இருந்த வாத்தியாரம்மாவுக்கு அது பிடித்திருந்தது.

"நர்ஸ் கம் அவுட். ஷி சே, யூ வான்ட் சீ யுவர் பேபி? ஐ சே யெஸ். பேபி இன்சைட் கிளாஸ் பாக்ஸ். வெரி ஸ்மால். லைக் மை ஹேண்ட். தென் ஷி ஸ்னீஸ்."

"ஸ்னீஸ்ட்," என்று திருத்தினேன்.

"தென் ஷி ஸ்னீஸ்ட்," என்றார் அவர்.

சொல் முதலில் என் வாயிலிருந்து வந்தது. அதன் பொருள் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. தும்மினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்த குழந்தை தும்மியது. உயிரில்லாத குழந்தை எப்படித் தும்மும்?

அவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். "ஐ லாஃப். ஐ திங்க், சோ ஸ்மால், ஆல்சோ கேன் ஸ்னீஸ். ஐ வெயிட் தேர். ஐ நோ கோ டாய்லெட், நோ ட்ரிங்க். ஈவினிங், டாக்டர் கம். டாக்டர் சே சாரி."

மணி அடித்தது. பழக்கத்தில் அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

கைப்பேசி மேசை மேல் அடித்துக்கொண்டே இருந்தது. அதை அணைக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

"பிள்ள உசிரோடவா பொறந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறந்தார். தமிழில் ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு, "யெஸ்," என்றார்.

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"யுவர் மதர் சே, டோன்ட் டெல்."

நான் தமிழில் கேட்டேன், அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அப்படித்தான் அந்த மதியம் போனது. மருத்துவமனை எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்க, என் அப்பா காரை ஓட்டிப் பண்டார் தெங்காராவுக்கே கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். பிறப்பையும் இறப்பையும் அப்பாவே போய்ப் பதிந்திருக்கிறார். அப்பா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கடைசிவரை அவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஆங்கிலத்தில் எத்தனை பிழைகள் இருந்தனவோ, எனக்குத் தெரியாது. நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அம்மா வீட்டுக்குப் போனோம். அம்மா சமையலறையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். நான் நின்றபடியே கேட்டேன்.

"அம்மா, என் பிள்ள உசிரோட பொறந்துச்சாமே?"

அம்மாவின் கை நின்றது. என் கணவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை மேல தப்பில்ல. நான்தான் சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கினேன்," என்றார் அம்மா.

"நீ யாரு அத முடிவு பண்ண?"

"நீ பொழைப்பியான்னே தெரியாமக் கெடந்தோம்மா. நீ முழிச்சதும் கேட்ட மொத கேள்வி என்ன தெரியுமா? புள்ளைக்கு வலிச்சிருக்குமான்னு கேட்ட. அதுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்? பொறக்கும்போதே உசிரு இல்லன்னு சொன்னேன். நீ கண்ண மூடித் தூங்கிட்ட. அப்புறம் அத எப்படி மாத்திச் சொல்றது?"

அப்படி ஒரு கேள்வி கேட்ட நினைவு எனக்குக் கொஞ்சமும் இல்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய பொய்யைத் தொடங்கிவைத்தது நானே கேட்ட கேள்வி என்பதை நம்ப முடியாமல் நின்றேன்.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு குடையை எடுத்தார். "வா," என்றார்.

இடுகாடு செம்பனை வரிசைகளை ஒட்டி இருந்தது. பெரிய கல்லறைகளைத் தாண்டி ஓரமாக, முழங்கை நீளத்துக்குச் சிமென்ட் கட்டிய ஒரு மேடு. நீல வண்ணம் அடித்திருந்தார்கள். வண்ணம் புதியது. புல் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. காய்ந்த மல்லிகைச் சரம் ஒன்று கிடந்தது.

"யாரு இதெல்லாம்?" என்றேன்.

"வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போயிட்டு அப்படியே இங்க வருவேன். யாராச்சும் ஒருத்தர் வரணும்ல," என்றார் அம்மா.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை வெள்ளிக்கிழமைகள் என் பிள்ளையை அம்மா மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வரும்போது நல்ல முகத்தோடு எனக்குச் சோறு போட்டிருக்கிறார். ஏதோ கடுமையாகச் சொல்லவேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் என் கணவர் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். புதைத்த நாளுக்குப் பிறகு அவரும் இப்போதுதான் வருகிறார் என்று அம்மா சொன்னார்.

வெகுநேரம் கழித்து அவர், "மூக்கு உன்ன மாதிரிதான் இருந்துச்சு. முடி நெறைய," என்றார். தமிழில்தான் சொன்னார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா எங்கள் இருவருக்குமாகக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சில வாரங்கள் வகுப்பு நடக்கவில்லை. அட்டைகளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டோம், ஒத்திப்போடவும் முடியாது என்று அவரே ஒருநாள் அட்டைகளை எடுத்து வைத்தார். நான் அட்டையைப் படித்துவிட்டுத்தான் நீட்டினேன். உணவு, விளையாட்டு, வானிலை என்று பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தேன். அவர் கண்டுகொண்டார்.

தேர்வு ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் நடந்தது. நான் கீழே வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். மாலை அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"என்ன கேட்டாங்க?"

"நீங்க வாங்கின ஒரு பொருள் பத்திப் பேசுன்னாங்க. மோட்டார் சைக்கிள் வாங்கின கதைய அடிச்சு விட்டேன். அந்தம்மா சிரிச்சாங்க."

முடிவு வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். தேவையானதற்கு மேலேயே எடுத்திருந்தார். பேச்சில்தான் அதிகம். கூட வேலை செய்கிறவர்கள் கை கொடுத்தார்கள். நான் சந்தோஷப்படவில்லை. அவர் தேறாமல் போகட்டும் என்று நான் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போகவேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக ஒற்றைக்காலில் நின்றவள் நான். இப்போது இங்கே எனக்கு ஓர் இடம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் நானே காரை எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் போகத் தொடங்கியிருந்தேன். அம்மா தன் வீட்டு வாசலில் பூவோடு நிற்பார். அவரிடம் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே காரில்தான் போய்வந்தோம்.

விசாவும் வந்தது. ஏஜென்ட் அழைத்து வாழ்த்துச் சொன்னார். இந்தத் தேதிக்குள் போய் இறங்கவேண்டும் என்றார். நான் அம்மாவிடம் சொல்லாமல் நாளைக் கடத்தினேன். கடைசியில் அம்மாவே கேட்டார். "கெடச்சிருச்சாமே. மாப்பிள்ளை சொன்னாரு. போறதுக்கென்ன?" என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ இங்கயே உக்காந்திருக்கணும்னா நான் உன்னப் படிக்க வெச்சேன்?" என்றார்.

சென்ற வாரம் ஆஸ்திரேலியாவில் ஒரு லாரிப் பட்டறைக்காரர் என் கணவரை வீடியோவில் அழைத்தார். நான் சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னென்ன வண்டிகள் பழுதுபார்த்திருக்கிறார், எத்தனை ஆண்டு அனுபவம் என்று பேச்சு போனது. இவர் முதலில் இது, அப்புறம் அது என்று அடுக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்த மனிதர் சாதாரணமாக, பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்.

எந்தக் கல்யாண வீட்டிலும் அந்தக் கேள்விக்கு நாங்கள் இல்லை என்றுதான் சொல்லுவோம்.

"ஒன் டாட்டர்," என்றார் என் கணவர். "ஷி பாஸ்ட் அவே."

கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். பிறகு அந்த மனிதர் வருத்தம் தெரிவித்தார். இவர் நன்றி சொன்னார். பேச்சு மறுபடி பிரேக்குக்குப் போனது.

கொஞ்ச நேரத்தில் அவர் கைப்பேசியைக் கையால் மூடிக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"எப்ப வரமுடியும்னு கேக்கறாரு. என்ன சொல்ல?"

நான் அடுப்பைக் குறைத்தேன். "தைப்பூசம் முடிஞ்சு வர்றோம்னு சொல்லுங்க."

அவர் திரும்பிப் போனார். தைப்பூசம் என்றால் என்ன என்று அந்த மனிதர் கேட்டிருக்கவேண்டும். பால்குடம், காவடி, வெறுங்காலோடு நடப்பது என்று இவர் விளக்கத் தொடங்கினார். அது வெகுநேரம் போனது.