நாரைகளுக்காகத் தள்ளிய கார்

கல்யாணமான புதுசில், அறுபதுகளின் கடைசியில், நானும் கணவரும் மதுரையிலிருந்து காரைக்குடிக்கு எங்கள் பழைய காரில் திரும்பினோம். மேலூரில் டீ, அப்புறம் பனங்கிழங்கு என்று நிறுத்தி நிறுத்தித்தான் வந்தோம். திருப்பத்தூருக்கு முன்னால் ஒரு கண்மாய். அதன் கருவேல மரங்கள் முழுக்க நாரைகள். இறங்கி ஆசைதீரப் பார்த்தோம். கிளம்பலாமென்று அவர் சாவியைத் திருப்பியதும் வண்டி பட்டாசு வெடித்த மாதிரி சத்தம் போட்டது. அத்தனை நாரையும் எழுந்து பறந்தன.

புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடி வந்தார்.

“என்ன இப்படிப் பண்ணுறீக? குஞ்சுக பயந்து விழுந்துரும். அங்குட்டுத் தள்ளிக்கிட்டுப் போயி எடுங்க.”

கணவர் வேட்டியை மடித்துக் கட்டினார். நானும் சேலையைச் செருகிக்கொண்டேன். அந்த அம்மாவும் கைகொடுக்க, கரை முடியும்வரை தள்ளினோம். மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தபோது, நாரைகள் ஒவ்வொன்றாகக் கூட்டில் இறங்கிக்கொண்டிருந்தன.