தைக்கிற சொல்

நேற்று எங்கள் பனியன் கம்பெனியில், புதிதாகச் சேர்ந்த பீகார்ப் பெண் மெஷினை நிறுத்திவிட்டு "சூயி, சூயி" என்றாள். ஊசி உடைந்துவிட்டதாம். அந்தச் சத்தம் என்னை நாலாம் வகுப்புக்கே கொண்டுபோய்விட்டது.

அன்று என் அத்தையைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அத்தை கல்லூரியில் சமஸ்கிருதம் படித்தவள். முன்பு வந்த வரன்கள் அதைக் கேட்டே தட்டிப்போயிருந்தன. அதனால் வாயே திறக்கக் கூடாது என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். வீடெல்லாம் கேசரியின் நெய் மணம்.

"சமஸ்கிருதம் படிச்சிருக்கறதா தரகர் சொன்னாரு. அதைப் படிச்சு என்னம்மிணி பிரயோசனம்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அத்தை மாப்பிள்ளையைப் பார்த்தாள். "நீங்க டெய்லருங்களா?"

"ஆமாங்க."

"'சிவ்'னு ஒரு வேர்ச்சொல் இருக்குங்க. தைக்கிறதுன்னு அர்த்தம். ஊசிக்கு சூசின்னு பேரு வந்தது அதுலதான். சூத்திரமும் அதே வேருதானுங்க. மொதல்ல அதுக்கு நூல்னுதான் அர்த்தம்."

மாப்பிள்ளை கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "கணக்குல வர்ற சூத்திரமுங்களா?"

"அதேதானுங்க. சின்னச் சின்ன வாக்கியத்தை நூலுல கோத்த மாதிரி சொல்றதால அந்தப் பேரு."

"அட, தமிழ்லயும் அப்படித்தானுங்களே. தைக்கிறதும் நூலு, படிக்கிறதும் நூலு."

அத்தையின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. "இது எனக்குத் தோணவே இல்லீங்க" என்றாள். பிறகு இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். அப்பா இருமிப் பார்த்தார். காபி ஆறிப்போனது.

கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே எழுந்தார். "போதும் சாமி. மிச்சத்தைக் கல்யாணத்துக்கப்புறம் நம்மூட்ல வந்து பேசிக்குங்க."