ஏலக்காய் அறையில் தொங்கிய டப்பா

என் ஆராய்ச்சிக்கு வேண்டியது கைக்குள் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே நகத்தளவு பிலிம் ஒன்று ஒட்டியிருக்கும். அதை வீட்டுக்குள் ஓர் ஆணியில் மூன்று மாதம் தொங்கவிட வேண்டும், அவ்வளவுதான். பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ரேடான் என்றொரு வாயு கசிந்துகொண்டே இருக்கிறது. மணம் கிடையாது, நிறம் கிடையாது. காற்றோட்டம் இருந்தால் கலைந்துவிடும், அடைத்த அறையில் சேரும். வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். போடி மலையடிவாரத்து வீடுகளில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. பாதி இயற்பியல், பாதி மருத்துவம், மிச்சமெல்லாம் ஊர்க்காரர்களிடம் பேச்சு வாங்குவது.

அதிலும் பொட்டிபுரம் பக்கம் டப்பாவைப் பார்த்ததுமே முகம் மாறும். மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் வரப்போகிறது என்று பேச்சுக் கிளம்பியதிலிருந்து, விஞ்ஞானம் என்று சொல்லிக்கொண்டு வருகிற யாரையும் அங்கே லேசில் உள்ளே விடுவதில்லை. நிறைமாத வயிற்றோடு நான் போய் நின்றபோது தண்ணீர் கொடுத்தார்கள், நாற்காலி போட்டார்கள், ஆணி மட்டும் அடிக்க விடவில்லை. ஒரு வீட்டு அம்மா வாசலை மறித்துக்கொண்டு கேட்டாள்:

"மலையக் கொடையிற சோலிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லேங்கிற. சரி. ஒங்க வீட்டுல மாட்டிருக்கியா?"

"இல்லக்கா."

"அப்ப மொதல்ல அங்க மாட்டிட்டு வா ஆத்தா. பெறகு பேசுவோம்."

எனக்குச் சுருக்கென்றது. கோபத்தோடு பஸ் ஏறி ராசிங்காபுரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்து, வாசலை ஒட்டிய பட்டாசாலைச் சுவரில் ஆணியை வைத்தேன். அடுப்படியிலிருந்து அம்மாவின் சத்தம் வந்தது.

"அங்க மாட்டாத. வர்றவன் போறவன் கண்ணெல்லாம் படும். ஏலக்கா அறையில மாட்டு."

எங்கள் வீட்டில் ஏலக்காய் அறை என்றால் ஒரு தனிக் கோட்டை. அப்பாவுக்கு மேலே மலையில் கொஞ்சம் ஏலத்தோட்டம். பறித்து, உலர்த்தி, ஜீப்பில் இறக்கும் காயை போடி ஏலத்தில் நல்ல விலை வரும்வரை வீட்டில்தான் வைத்திருப்போம். வெளிச்சமும் காற்றும் பட்டால் காயின் பச்சை போய்விடும். பச்சை போனால் விலை போகும். அதனால் மலைக்கல்லை எடுத்துவந்து, இடுக்கு இல்லாமல் பூசி, ஒற்றைச் சின்ன ஜன்னலோடு கட்டிய அறை அது. அந்த ஜன்னலிலும் அம்மா பழஞ்சேலையைச் சுருட்டி அடைத்து வைத்திருப்பாள். உள்ளே போனால் ஏலக்காய் வாசம் மூக்கைத் துளைக்கும்.

சரி, எங்கேயாவது மாட்டினால் போதும் என்று மாட்டினேன். டப்பா மாட்டிய கையோடு பிரசவ வலியும் வந்தது. பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது எனக்கும் பிள்ளைக்கும் அம்மா படுக்கை விரித்திருந்த இடம் ஏலக்காய் அறை.

எங்கள் பக்கம் ஏலக்காய் வைத்திருக்கும் சில வீடுகளில் இது வழக்கம்தான். பிள்ளை பெற்றவளுக்கு ஊதக்காற்று ஆகாது. வீட்டிலேயே காற்று நுழையாத இடம் எது? காயை வைக்கிற இடம். காய்க்கு நல்லது பிள்ளைக்கும் நல்லது, அவ்வளவுதான் கணக்கு.

"ஜன்னலத் தொறந்து வைம்மா, மூச்சு முட்டுது."

"பச்ச ஒடம்புல காத்துப் பட்டா சன்னி கண்டுரும்டி. ஒன் படிப்பு அதுக்கு மருந்து குடுக்குமா?"

நான் எழுந்து சேலையை உருவுவேன். கண் அசந்தால் அது மறுபடி ஜன்னலில் இருக்கும். அடைத்த அறை கூடாது என்று சொன்னேன், கத்தினேன், அழுதும் பார்த்தேன். எவ்வளவு கூடாது என்று கேட்டால் சொல்ல எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே டப்பாவே மாட்டியிருக்கிறேன்! இதற்கு நடுவில் அம்மா பிள்ளையின் கன்னத்தில் திருஷ்டிக்கு மை வைத்துவிட்டு, விரலில் மிச்சமிருந்ததை எட்டி அந்த டப்பாவின் மேலும் ஒரு பொட்டாக வைத்தாள்.

"அதுக்கு எதுக்கும்மா?"

"நம்ம வீட்டுலதானே கெடக்கு. அதுவும் நல்லா இருக்கட்டும்."

சிரித்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து எல்லா டப்பாக்களையும் கழற்றிச் சேர்த்தேன். எங்கள் வீட்டில் மாட்டியது தெரிந்த பிறகு பொட்டிபுரத்திலும் சில வீடுகள் இடம் கொடுக்க, என்னோடு படிப்பவர்கள் போய் மாட்டியிருந்தார்கள். பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு மதுரைக்கு ரயில் ஏறினேன்.

பிலிமைக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்துக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ரேடான் பட்ட இடமெல்லாம் சின்னச் சின்னக் குழியாகத் தெரியும். நல்ல காற்றோட்டமான வீட்டுப் பிலிமில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். எல்லாம் அப்படித்தான் வந்தன. எனக்குச் சந்தோஷம், ஊருக்குப் போய் நல்ல செய்தி சொல்லலாம் என்று. அப்போது ஒரு பிலிமை வைத்தேன். ஆப்பத்தின் மேல்பக்கம் போல இருந்தது, கண் கண்ணாக, இடமே இல்லாமல். கழுவியதில் ஏதோ தப்பு என்று நினைத்தேன். பிலிமுக்குப் பக்கத்திலேயே அதன் டப்பாவை வைப்பது எங்கள் வழக்கம். திரும்பிப் பார்த்தேன்.

டப்பாவின் மேல் மைப் பொட்டு இருந்தது.

போனை எடுத்தேன். அவசரத்தில் வேறு யாருக்கோ போய், கட் செய்து, மறுபடி போட்டேன்.

"அம்மா, பிள்ள எங்க?"

"அறையிலதான். தொட்டில்ல தூங்குறா."

"வெளிய கொண்டா. வெரசா கொண்டா!"

"ஏண்டி, பாம்பு கீம்பு வந்துருச்சா?"

"மதுரையில இருக்கிற எனக்கு எப்படிம்மா தெரியும்! கொண்டான்னா கொண்டா!"

பிள்ளை முழித்து அழுகிற சத்தம் போனில் கேட்டது. அதைக் கேட்டபிறகுதான் நான் உட்கார்ந்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் வந்து மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தார். அலட்டிக்கொள்ளாத மனுஷன். சில நேரம் அதற்காகவே அவர்மேல் ஆத்திரம் வரும்.

"இது வருஷக்கணக்கில் சேர்ந்து செய்கிற கெடுதல். மூன்று மாதத்தில் குழந்தைக்கு ஆபத்து மிகமிகக் குறைவு. இனி அங்கே படுக்கவைக்காதே, போதும். பயப்படாதே."

"பயப்படாம எப்படி சார் இருக்கிறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"சரி, குழந்தை பிறப்பதற்கு முன்னால் அந்த அறையில் யார் படுப்பார்கள்?"

அம்மா. காய் மூட்டை வீட்டில் இருக்கும்வரை அம்மாதான் கதவைச் சாத்திக்கொண்டு அதோடு படுப்பாள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து.

மதுரையிலிருந்து போடி போகிற பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். உசிலம்பட்டி போனது தெரியவில்லை, தேனி போனது தெரியவில்லை. அம்மாவின் இருமல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அந்த இருமலுக்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். அப்பா அடுப்புப் புகை என்பார். நான் காய்த் தூசி என்பேன். அம்மா, "நேத்து குடிச்ச மோரு" என்பாள். மோரே குடிக்காத நாளிலும் அதே மோர்தான்.

விஷயத்தை மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வந்து, வாசலிலேயே போட்டு உடைத்தேன். அம்மா பிள்ளையை மடியில் வைத்தபடி கேட்டாள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று நான் சொன்ன இடத்தில் நெஞ்சில் கைவைத்து மாரியம்மனைக் கூப்பிட்டாள். தன்னைப் பற்றிச் சொன்ன இடத்தில் எழுந்து உலைக்கு அரிசி களையப் போய்விட்டாள்.

"வேலியில போன ஓணானப் புடிச்சு மடியில விட்ட கதையா, நல்லா இருந்த வீட்டுல டப்பாவ மாட்டி நோயக் கொண்டாந்திருக்க."

"டப்பா கொண்டாரலம்மா. இருந்ததக் காட்டுச்சு."

"காட்டாம இருந்தா நல்லாத்தான இருந்தோம்!"

மறுநாள் சண்டை போட்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, தேனியில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப்போனேன். எக்ஸ்ரே எடுக்க அம்மா உள்ளே போனாள். வெளியே பெஞ்சில் இருந்த நான் பிள்ளையை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது அவள் கத்தியபோதுதான் உறைத்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "இப்ப ஒண்ணும் தெரியல. ஆனா அந்த அறையில இனிமே படுக்கக் கூடாது. வருஷா வருஷம் வந்து காட்டணும்" என்றார்.

அம்மாவின் காதில் முதல் வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. திரும்பி வந்து, சாப்பிட்டு, பாத்திரம் ஒதுக்கிவிட்டு, மத்தியானத் தூக்கத்துக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு எங்கே போனாள்? ஏலக்காய் அறைக்கு! சேலை அடைத்த ஜன்னல், சாத்திய கதவு.

"அம்மா, வெளிய வா."

"ஒண்ணும் இல்லேன்னுட்டாருல்ல டாக்டரு? மூட்ட கெடக்கு. ஒங்கப்பா மலையில கெடந்து ஒழைச்ச காயி. நான் படுக்கலேன்னா யாரு பாக்குறது?"

கெஞ்சினேன். திட்டினேன். படம் வரைந்து விளக்கினேன். இத்தனை படித்தும் பெற்றவளை ஓர் அறையைவிட்டு நகர்த்த முடியவில்லையே என்று இருந்தது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்த அந்த நேரத்தில், பட்டாசாலைக்கு மாற்றிக் கட்டியிருந்த தொட்டிலில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். அம்மாவின் பாயிலேயே பிள்ளையைப் போட்டு, பக்கத்தில் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பிள்ளை இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் எனக்குக் கேட்டது.

அம்மா துள்ளி எழுந்தாள்.

"அடிப்பாவி! பிள்ளைய எதுக்குடி இங்க கொண்டாந்த? வெளிய தூக்கிட்டுப் போடி!"

"நீ இங்க படுத்தா நாங்களும் இங்கதான். காத்துப் படாது, நல்ல எடம்தான்னு நீதானம்மா சொன்ன?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு, காலால் கதவைத் தள்ளித் திறந்து, பட்டாசாலைக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். ஜன்னலில் இருந்த சேலையைப் பிடித்து இழுத்தாள். பல வருஷமாக அடைந்து கிடந்தது, லேசில் வரவில்லை. கிழித்தே எடுத்தாள். மூட்டைகள் மேல் வெயில் விழுந்தது.

"பச்ச போனாப் போகுது" என்றாள்.

நானும் வந்து பட்டாசாலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜெயித்துவிட்டோம் என்றுதான் இருந்தது. அவள் இருமினாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

"ஏத்தா, ஒன்னயப் பெத்தும் அந்த அறையிலதான் போட்டிருந்தேன். பள்ளிக்கூடம் போற வரைக்கும் எங்கூட அங்கதான் படுத்துக் கெடந்த. ஒனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

அதுவரை நான் என்னைக் கணக்கில் சேர்த்திருக்கவே இல்லை. "ஆகாதும்மா" என்றேன். அவள் நம்பவில்லை. மடியில் பிள்ளையோடு நகர்ந்து வந்து, என் முதுகில் காதை வைத்து, "மூச்ச இழுத்து விடு" என்றாள்.